பதினெட்டு முடிந்தவர்கள்

மூடிக் கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் கிடையாது. அவளைவிட மூத்தவர்கள் 'பதினெட்டு' என்பார்கள். இளையவர்கள் மரியாதை சேர்த்துப் 'பதினெட்டக்கா' என்பார்கள். சம்பளச் சீட்டிலிருக்கும் பெயரை யாராவது உரக்கப் படித்தால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள்.

அந்தப் பட்டம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒட்டிக்கொண்டது. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. உயரமாகத் தெரிய வேண்டுமென்று அம்மாவின் குதிகால் செருப்பைப் போட்டுக்கொண்டு, தலைமுடியை உச்சியில் தூக்கிக் கட்டிக்கொண்டு, பழைய மேனேஜரின் மேசைமுன் போய் நின்றாள். வயசு என்ன என்று கேட்டார். பதினெட்டு என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்குப் பதினெட்டுன்னா எனக்குத் தொண்ணூறும்மா."

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பதினெட்டு என்று எழுதிக்கொண்டார். அவருக்கு ஆள் வேண்டியிருந்தது, அவளுக்கு வேலை வேண்டியிருந்தது. சிரிப்பு அன்றோடு போயிற்று. எழுதியது நின்றுவிட்டது.

அன்று கூட்டிப் போட்ட ஐந்து வருடம் பிறகு அவளை விடாமல் பின்னாலேயே வந்தது. இருபத்து மூன்று வயதில் ஒரு வரன் வந்தது. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவன், இருபத்தாறு வயது, அதிகம் பேசாத ஆள். அவன் வீட்டார் நல்லவிதமாகத்தான் பேசிப் போனார்கள். போகிற வழியில் கம்பெனி வாசலில் நின்று நாலு வார்த்தை விசாரித்தார்கள். வாட்ச்மேன் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பெண்ணுக்கு இருபத்தெட்டு என்று சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் மாப்பிள்ளை போவான். அம்மாவும் தங்கையும் அவள் கையைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலம். மாப்பிள்ளை போனான். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. அதற்குள் இரண்டு வரிசையாகப் பிரஸ் மெஷின்கள். பெயிண்ட் டப்பா, எண்ணெய் டப்பா, பவுடர் டப்பா எல்லாவற்றுக்கும் மூடி அடிப்பார்கள். உள்ளே போனால் பேச்சு கேட்காது. சைகைதான். மாலையில் வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரத்துக்கு எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இவர்கள் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து எழுந்து போவார்கள்.

ஒவ்வொரு மெஷினிலும் இரண்டு பச்சைப் பொத்தான்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தான்மேல் இருக்கும்போது அச்சுக்கு அடியில் எந்தக் கையும் இருக்க முடியாது. அதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அதைச் செய்தவன் ஒரு முழு ஆளை நிறுத்தி அளவெடுத்திருந்தான். பதினான்கு பதினைந்து வயசுப் பெண்களுக்கு அது எட்டாது. எட்டினாலும் மேசை விளிம்பில் நெஞ்சை அழுத்தி, இரண்டு கையையும் விரித்து, ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை. மூன்றாம் நாள் தோளைத் தூக்க முடியாது. அதனால் குட்டைப் பெண்களின் மெஷினில் இடப் பக்கத்துப் பொத்தானைச் சைக்கிள் ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அது எப்போதும் அழுந்தியே இருக்கும். வலது கையால் அழுத்தலாம், இடது கையால் தகட்டை வைக்கலாம், எடுக்கலாம்.

வெளியாள் யாராவது சோதனைக்கு வந்தால் வாட்ச்மேன் நேரங்கெட்ட நேரத்தில் டீ பெல் அடிப்பார். அந்தப் பெல் கேட்டதும் ஒவ்வொருத்தியும் ரப்பரை உருவி மணிக்கட்டில் வளையல் மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டும். அதிகாரி வரிசையில் நடந்து வரும்போது எல்லாப் பொத்தானும் ஒழுங்காக இருக்கும்.

பதினெட்டு முதலில் மெஷினில் நின்று, பிறகு வரிசைக்குப் பொறுப்பாளரானாள். அந்தப் பொறுப்பில் யாரும் எழுதித் தராத வேலை ஒன்று உண்டு. புதிதாக வரும் பெண்களுக்கு வயசு சொல்லக் கற்றுக்கொடுப்பது. வெறும் எண்ணைச் சொன்னால் எந்த அதிகாரியும் நம்பமாட்டார். நேரடியாக வயசையும் கேட்கமாட்டார். பிறந்த வருஷம் என்ன, பத்தாவது எப்போ முடிச்சே, தம்பிக்கும் உனக்கும் எத்தனை வருஷம் வித்தியாசம் என்று சுற்றி வளைப்பார். யோசித்துச் சொன்னால் மாட்டிக்கொள்வோம். அதனால் அவள் எதிர்பாராத நேரத்தில் கேட்பாள். சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கும்போது, கை கழுவும்போது, படிக்கட்டில் இறங்கும்போது. "எந்த வருஷம் பொறந்தே?" யோசிக்காமல் பதில் வர வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் வந்துவிடும். அவள் தயார் செய்த பெண் ஒருத்திகூட இதுவரை மாட்டியதில்லை. இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தங்கை மகளுக்கு அந்த வருடம் பதினைந்து முடிந்திருந்தது. ஒல்லியான உடம்பு, பெரிய தலை, வாயைத் திறந்தால் குத்தல். அதனால் அவளுக்குக் குண்டூசி என்று பேர். தங்கை வீட்டுக்காரன் வேலை தேடிப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். தங்கை ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்தாள். காலில் கொதிநீர் கொட்டி, புண் ஆறாமல், நிற்க முடியாத நிலைக்கு வந்தாள். ஒன்பதாவது முடித்திருந்த குண்டூசி தானாகவே சொன்னாள், நான் பெரியம்மாவோட போறேன் என்று. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய பெரியவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போதைய மேனேஜர் பழையவர் மாதிரி சிரித்துக்கொண்டு எழுதுகிறவர் அல்ல. சின்ன வயசு, சுத்தமான சட்டை, எதற்கும் காகிதம் வேண்டும் என்பவர். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் யாரையும் சேர்க்கமாட்டார். சான்றிதழ் இருந்தால் முகத்தைப் பார்க்கமாட்டார்.

தங்கையிடம் ஒரு சான்றிதழ் இருந்தது. குண்டூசிக்கு மூன்று வருடம் முன்னால் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பத்தாவது மாதம் காய்ச்சல். விடிகாலையில் போயிற்று, மதியத்துக்குள் புதைத்தார்கள். பிறப்பைப் பதிந்தவர்கள் இறப்பைப் பதியப் போகவில்லை. யாருக்கு அந்தத் தெம்பு இருந்தது? ஆகக் காகிதத்தில் அந்தக் குழந்தை சாகவில்லை. வருடா வருடம் வளர்ந்து, அந்த ஆண்டு சரியாகப் பதினெட்டை முடித்திருந்தது.

சான்றிதழ் இருந்த தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னபோது தங்கை சாவியைத் தரவில்லை.

"அவளைக் கொண்டுபோய் வேலைக்கு நிறுத்தப் போறியாக்கா?"

"பேப்பரைத்தானே கேக்கறேன்."

"பத்து மாசம்க்கா. எழுந்து நிக்கக்கூடக் கத்துக்கல அவ."

பதினெட்டு அதற்குமேல் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவள் செருப்பு மாட்டும்போது, மடித்த காகிதம் ஒன்று செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது. தங்கை சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

குண்டூசிக்கு இதெல்லாம் விளையாட்டாக இருந்தது. மூணு வருஷம் இலவசமா கெடைச்சிருக்கு பெரியம்மா, ஓட்டுகூடப் போடலாம் என்றாள். முதல் நாள் கம்பெனி வாசலில், 'பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இங்கு பணியமர்த்தப்படுவதில்லை' என்று எழுதியிருந்த பலகைமுன் நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல் உரக்க வாசித்துவிட்டு, அதற்கு ஒரு கும்பிடும் போட்டாள். வாட்ச்மேனே சிரித்துவிட்டார். வருஷம் சொல்லும் பாடத்தை இரண்டே நாளில் முடித்தாள். கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். உன் தங்கச்சி பொறந்தது ஞாபகம் இருக்கா என்று பெரியம்மா அதிகாரி மாதிரி குரலை மாற்றிக் கேட்டபோது, "நல்லா ஞாபகம் இருக்கு மேடம், எனக்கு மூணு வயசு. அவளைத் தூக்கி மடியில வச்சது நான்தான்" என்றாள் கண் இமைக்காமல். பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகுதான் மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

மெஷினில் நிறுத்திய முதல் வாரம் குண்டூசிக்குத் தோள்பட்டை வீங்கியது. ரப்பர் கட்டாமல்தான் நிறுத்தியிருந்தாள் பெரியம்மா, சொந்தப் பிள்ளை என்பதால். இரவு தைலம் தேய்க்கும்போது பிள்ளை வலி பொறுக்காமல் பல்லைக் கடித்தது. அழவில்லை. அதுதான் பெரியம்மாவுக்குத் தாங்கவில்லை. விடிந்ததும் மெஷின் பார்க்கும் ஃபிட்டரிடம் போய், அவள் மெஷினிலும் கட்டிவிடு என்றாள். கட்டணும்னா கட்டிடலாம், உன் சொந்தமாச்சேன்னுதான் நானா கட்டல என்றான் அவன். இரண்டு நிமிட வேலை. அன்று மாலை குண்டூசி கையை வீசிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். பெரியம்மாவுக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது.

நான்காவது மாதம், பெயிண்ட் டப்பாவுக்கான பெரிய மூடி ஓடிக்கொண்டிருந்தது. அடித்த மூடி ஒன்று அச்சில் ஒட்டிக்கொண்டது. குண்டூசி அதை இடது கையால் பிடித்து இழுத்தாள். வலது கை அதன் பழக்கத்தில் பொத்தானை அழுத்தியது. அவ்வளவுதான் நடந்தது.

அலறல் யாருக்கும் கேட்கவில்லை. வரிசையில் ஒரு மெஷின் மட்டும் ஓடாமல் நிற்பதைப் பார்த்துத்தான் பெரியம்மா ஓடினாள். யாரோ மெயினை அணைத்தார்கள். கொட்டகை முழுக்க ஒரேயடியாக அமைதியானது. ஆம்புலன்ஸ் வரும் என்றார்கள். அதாவது, வெளியாள் வருவார். வாட்ச்மேன் வேறெதுவும் தோன்றாமல் டீ பெல்லை அடித்தார்.

பெல் கேட்டதும் பெரியம்மாவின் கை, எத்தனையோ வருஷமாகச் செய்ததைச் செய்தது. ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டே, இன்னொரு கையால் பொத்தானிலிருந்து ரப்பரை உருவி, பிள்ளையின் வலது மணிக்கட்டில் மாட்டியது. அப்போது அவளுக்கு அது தெரியவே இல்லை. வரிசையில் ரப்பர் கட்டியிருந்த மற்ற ஐந்து பெண்களும் அழுதுகொண்டே அதையேதான் செய்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் பதிவு எழுதுகிறவர் நிமிராமல் வயசு என்று கேட்டார். பெரியம்மா வாயைத் திறக்கும் முன், தள்ளுவண்டியிலிருந்து பதில் வந்தது.

"பதினெட்டு முடிஞ்சிருச்சு."

உதடு வெளுத்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. தேதி, மாதம், வருஷம் மூன்றையும் தடுமாறாமல் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். நர்ஸ் ஒருத்தி காதிலிருந்த கம்மலையும் மணிக்கட்டிலிருந்த ரப்பரையும் கழற்றி ஒரு உறையில் போட்டு, உறைமேல் பட்டியல் எழுதினாள். கம்மல் இரண்டு, ரப்பர் துண்டு ஒன்று.

இடது கையில் கட்டை விரல் மட்டும் மிஞ்சியது. குண்டூசி இடது கைக்காரி. எழுதுவது, சாப்பாட்டைக் கரண்டியால் எடுப்பது, பல் துலக்குவது எல்லாம் அந்தக் கையால்தான்.

மூன்றாம் நாள் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தாள். முப்பது வயசுக்குள் இருக்கும். குடையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, மேனேஜரை வெளியே போகச் சொன்னாள். குண்டூசியிடம் தனியாகப் பேசினாள். பிறகு நடையில் நின்றிருந்த பெரியம்மாவிடம் வந்தாள்.

"பதினெட்டுங்கறா. பார்த்தா எனக்கு அப்படித் தெரியல. நீங்க சொல்லுங்கம்மா. பதினெட்டுக்குக் கீழன்னா அந்த மெஷின் முன்னாடி அவளை நிறுத்தினதே குத்தம். யார் மேல தப்புன்னு யாரும் கேக்கவே மாட்டாங்க. வைத்தியம், படிப்பு, ஆயுசுக்கும் ஒரு தொகை, எல்லாம் கம்பெனி தலையில. பதினெட்டு முடிஞ்சவன்னா கேள்வியே வேற."

பெரியம்மா சுவரைப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் மேனேஜர் அதே இடத்தில் நின்று பேசிப் போயிருந்தார். எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம் என்றிருந்தார். கொட்டகையை மூடினால் நாற்பது பெண்கள் என்ன ஆவார்கள் என்றிருந்தார். சான்றிதழ் கொடுத்தவர்கள்தான் முதலில் உள்ளே போவார்கள் என்பதையும், கடைசியில், வருத்தத்தோடு சொல்லியிருந்தார்.

"பதினெட்டுதான் மேடம்" என்றாள். பழகிய வாய்.

கம்பெனி தன் அறிக்கையை இரண்டு வாரம் கழித்துக் கொடுத்தது. பதினெட்டு முடிந்த, பயிற்சி பெற்ற தொழிலாளி. அதிகம் மூடி அடித்துக் காட்டும் ஆசையில் விதியை மீறித் தானே பொத்தானைக் கட்டியிருக்கிறாள். கட்டிய ரப்பர் அவள் மணிக்கட்டிலேயே இருந்ததற்கு ஆஸ்பத்திரிப் பட்டியல் சாட்சி. ஆகக் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. அதை அதிகாரி தன் அறையில் வைத்துப் படித்துக் காட்டினாள். ரப்பர் என்ற சொல் வந்தபோதுதான் பெரியம்மாவுக்குத் தன் கை செய்தது ஞாபகம் வந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ரப்பரை, பெல்லை, தகரப் பெட்டியை, புதைத்த குழந்தையை. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மூத்த பொண்ணு செத்ததுக்கு என்ன ஆதாரம் இருக்கு?"

ஒன்றும் இல்லை.

நல்ல பெண் அவள், அந்த அதிகாரி. தன்னால் ஆனதைச் செய்தாள். பள்ளிக்கூடத்துக்கு எழுதி வகுப்புப் படம் வாங்கினாள். படத்தில் இருப்பது தங்கச்சிக்காரி, அக்கா தங்கை என்றால் சாயல் இருக்காதா என்று கம்பெனி வக்கீல் கேட்டார். எலும்பைப் படமெடுக்க அனுப்பினாள். பதினாறிலிருந்து பத்தொன்பதுக்குள் என்று டாக்டர் எழுதினார். எலும்புகூட நம்ம பக்கம் பேசலம்மா என்றாள் அதிகாரி. காகிதத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பதினெட்டு வயசுக்காரிக்குக் கை போயிருந்தது. பதினைந்து வயசுக்காரி ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எங்கேயோ போயிருந்தாள்.

"இப்ப ஒரே வழிதான். அவளே சொல்லணும். நான்தான் அந்தச் சின்னவன்னு அவ வாயால சொல்லி வாக்குமூலம் குடுத்துட்டா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன். ஆனா உங்க மேல கேஸ் வரும்."

வரட்டும் என்றாள் பெரியம்மா.

வீட்டில் சொன்னபோது குண்டூசி பெரிய கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சில் இருந்த குத்தல் எல்லாம் ஆஸ்பத்திரியோடு போயிருந்தது. அந்தத் தொகை எப்போ கெடைக்கும் என்று கேட்டாள். மூணு வருஷம் ஆகலாம்னு சொன்னாங்க. அது வரைக்கும்? மேனேஜர் ஆள் அனுப்பியிருந்ததைக் குண்டூசியே சொன்னாள். வம்பு இல்லாமல் முடிந்தால், உட்கார்ந்து மூடி எண்ணும் வேலை உண்டாம். பதினைந்து என்றால் அந்தக் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

"எழுதிக் குடுத்தாரா?"

"சொல்லிவிட்டாரு."

"அதை நம்பறியா நீ?"

கேஸ் வந்தா யார் மேல வரும் பெரியம்மா என்று கேட்டாள் குண்டூசி. என் மேலதான் என்றாள் பெரியம்மா. பிள்ளையின் கண் மெல்ல அம்மாவின் காலுக்குப் போயிற்று. புண்ணைச் சுற்றியிருந்த துணி ஈரமாக இருந்தது.

"பேப்பரைக் குடுத்தது அம்மா."

தங்கை சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். சரி பாக்கலாம் பெரியம்மா என்றாள் குண்டூசி. பெரியம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வாக்குமூலத்துக்கு நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் பெரியம்மா பழைய வித்தையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். மருந்து கொடுக்கும்போது, தலை வாரிவிடும்போது, படிக்கட்டில் பிடித்து இறக்கும்போது திடீரென்று கேட்டாள். "எந்த வருஷம் பொறந்தே?" செத்த அக்காவின் வருஷம் வழுக்கிக்கொண்டு வந்தது. "இல்லடி, உன் வருஷம்." பிள்ளை நின்று, யோசித்து, தன் வருஷத்தைச் சொன்னாள். யாரோ எழுதி வைத்ததைப் படிப்பதுபோல இருந்தது. நான்காம் நாள் காலையில் ஒரு தடவை யோசிக்காமல் சரியாகச் சொன்னாள். பெரியம்மா அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

அதிகாரியின் அறையில் மேனேஜரும் வக்கீலும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பெரியம்மா பேசினாள். நின்றுகொண்டே, கொட்டகையில் பேசுவதுபோல் கொஞ்சம் உரக்க, எதையும் விடாமல் சொல்லி முடித்தாள். இவளுக்குப் பதினஞ்சு, பொய் சொல்லக் கத்துக்குடுத்தது நான் என்று முடித்தபோது அவளுக்கு நெஞ்சு லேசானது. பதின்மூன்றாம் வயசிலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது ஏதோ இறங்கியதுபோல் இருந்தது.

அதிகாரி குண்டூசியின் பக்கம் திரும்பினாள். பயப்பட வேண்டாம் என்றாள். எந்த வருஷம்மா பொறந்தே என்று கேட்டாள்.

குண்டூசி அக்காவின் வருஷத்தைச் சொன்னாள்.

"உங்க பெரியம்மா வேற சொல்றாங்களே."

"அவங்களுக்கு ஐம்பத்தெட்டு ஆகுது மேடம். அடுத்த மாசம் ரிட்டயர் பண்றாங்க. நான் அடிபட்டதிலேர்ந்து கொஞ்சம் குழப்பமா இருக்காங்க. என்னையும் என் தங்கச்சியையும் மாத்தி மாத்திச் சொல்றாங்க."

"தங்கச்சி எங்க இருக்கா?"

"அப்பாகிட்ட போயிட்டா மேடம்."

மேனேஜர் கம்பெனிப் பதிவேட்டின் நகலை மேசைமேல் வைத்தார். பெரியம்மாவின் பெயருக்கு எதிரே பிறந்த வருஷம் இருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஐம்பத்தெட்டு. பழைய மேனேஜர் சிரித்துக்கொண்டே எழுதிய எழுத்து. அதிகாரி அதைப் பார்த்தாள். பிறகு வெகுநேரம் குண்டூசியைப் பார்த்தாள். குண்டூசி கண்ணைத் தாழ்த்தவில்லை. பெரியம்மா வாயைத் திறந்தாள். தனக்கு ஐம்பத்து மூன்றுதான் என்று சொல்ல வேண்டும். சொல்லி என்ன ஆகும்? அதற்கும் ஆதாரம் கேட்பார்கள்.

எழுதி முடித்துக் கையெழுத்துக் கேட்டார்கள். குண்டூசிக்கு வலது கையில் எழுத வராது. மை அட்டையைத் திறந்து வைத்தார்கள். ஒன்பதாவதில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய பிள்ளை, கட்டுத் துணியிலிருந்து தனியாக நீட்டிக்கொண்டிருந்த இடது கட்டை விரலை மையில் தொட்டு, எழுந்து நிற்கக்கூடக் கற்றுக்கொள்ளாமல் போன ஒரு குழந்தையின் பெயருக்குக் கீழே வைத்து அழுத்தினாள்.

வெளியே வெயில். இரண்டு பேரும் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள். நிறுத்தத்தில் பிள்ளை நல்ல கையால் பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்னதில் பிடித்ததுபோல.

"எனக்கு ஐம்பத்து மூணுதான்டி."

"தெரியும் பெரியம்மா."

அடுத்த மாதம் பதினெட்டுக்கு வேலை முடிந்தது. உடம்பில் தெம்பு இருந்தது, கண் நன்றாகத் தெரிந்தது. வேறு நாலு இடத்தில் கேட்டுப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு என்ற காகிதத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் இருங்கம்மா என்றார்கள். மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். குண்டூசி உட்கார்ந்து மூடி எண்ணினாள், ஏழு மாதம். அதன் பிறகு எண்ணுவதற்கு மெஷின் வந்தது.

அந்த நாட்களில் ஒரு பிற்பகல், கல்வி அலுவலகத்திலிருந்து பட்டியலும் கையுமாக ஒருவர் தெருவுக்கு வந்தார். படிப்பை நிறுத்திய பிள்ளைகளை வீடு வீடாகத் தேடித் திரும்பச் சேர்க்கிறார்களாம். வாசல்படியில் குண்டூசி உட்கார்ந்திருந்தாள். அவர் அவளுடைய சொந்தப் பெயரைப் படித்து, பதினாறு வயசு இருக்கும், இந்த வீட்டுப் பொண்ணுதானே என்று விசாரித்தார்.

பெரியம்மா உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தினாள். தங்கையும் தலையைத் தூக்கினாள்.

"அவ இங்க இல்ல சார்" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். கொஞ்சமும் யோசிக்காத குரல். "நான் அவ அக்கா."

அவர் பட்டியலில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.